சூரியனும் நிலாவும் ஏன் ஒரே சைஸ்ல தெரியுது? அஞ்சு வயசுக்கு எப்படிச் சொல்றது?

கேள்வி, 11 நவம்பர் 2019

மகளுக்கு அஞ்சு வயசு. நிலாவை விட சூரியன் ரொம்ப ரொம்பப் பெருசுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. நேத்து சாயங்காலம் மொட்டை மாடியில மேற்கால சூரியன், கிழக்கால நிலா. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு "ரெண்டும் ஒண்ணுதானேப்பா"ங்கிறா. தூரத்துல இருக்கிறது சின்னதாத் தெரியும்மான்னு சொல்லி, ரோட்டுல போற பஸ்ஸைக் காட்டினேன். "பஸ் சின்னதாகலையே, தூரமாத்தானே போயிருக்கு"ன்னுட்டா. அதோட நான் ஆஃப். யாராவது வழி சொல்லுங்க.

பதில், 11 நவம்பர் 2019, இரவு 10.15

இதுல என்ன இருக்கு சார். ஒரு ரூபாய் காசை எடுத்து, கையை நீட்டி, நிலாவுக்கு நேரா பிடிக்கச் சொல்லுங்க. கச்சிதமா மூடிடும். இத்தனூண்டு காசு அத்தனை பெரிய நிலாவை மூடுதுன்னா காசு கிட்டத்துல இருக்கு, நிலா எட்டத்துல இருக்கு. சூரியனும் அப்படித்தான். நிலாவை விட 400 மடங்கு அகலம், ஏறக்குறைய 400 மடங்கு தூரம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிருது. முடிஞ்சுது கதை.

12 நவம்பர் 2019, இரவு 8.50

முடியல.

இன்னைக்குப் பௌர்ணமி. நேத்து வாய்ச்சவடால் விட்டமே, வீட்டுல ஒரு தடவை செஞ்சு பார்ப்போம்னு காசை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். கச்சிதமாவா மூடுச்சு? நிலாவைத் தேட வேண்டியிருந்தது. ஒரு ரூபாய் காசு 22 மி.மீ. கையை நீட்டினா அதுக்குப் பின்னால நாலு நிலா வரிசையா ஒளிஞ்சுக்கலாம். சுண்டுவிரல் நகமே நிலாவை மறைச்சுட்டு மீதியும் இருக்கு. இவ்வளவு நாள் நிலாவை நாலு மடங்கு பெருசா மனசுல வெச்சிருந்திருக்கேன். நான் கண்ணாடிக் கடையில பதினோரு வருஷமா பவர் பார்க்கிறவ. வெளிய சொன்னா வெட்கம்.

சரியான கணக்கு: ஒரு பொருள் தன் அகலத்தைப் போல சுமார் 110 மடங்கு தூரத்துல இருந்தா நிலா அளவுக்குத் தெரியும். நிலா குறுக்களவு 3,474 கி.மீ., சராசரி தூரம் 3,84,400 கி.மீ., வகுத்துப் பாருங்க. பத்து ரூபாய் காசு 27 மி.மீ., அதை மூணு மீட்டர் தள்ளி வைக்கணும். கை நீளத்துல வேணும்னா காசு ஆகாது, சமையல் ரூமுக்குத்தான் போகணும். நான் போனேன். எனக்குத் துவரம்பருப்பு சரியா வந்துச்சு. என் பையனுக்குக் கை குட்டை, அவனுக்கு உளுந்து. (பையனுக்கு ஆறு வயசு. அதனாலதான் இந்தக் கேள்வியில வந்து மாட்டிக்கிட்டேன்.)

13 நவம்பர் 2019

பருப்பு இல்லைன்னா, ஃபைல்ல கோக்கிறதுக்குக் காகிதத்துல ஓட்டை போடுற மெஷின் இருக்குல்ல, அந்த ஓட்டை. கையை நீட்டி அதுவழியா பார்த்தா முழுநிலா உள்ள உட்காரும். பருப்பு மறைக்கும், ஓட்டை காட்டும். சின்னப் பிள்ளைக்கு ஓட்டைதான் பிடிக்குது.

நிலாவுக்கு மட்டும். சூரியனை இப்படிப் பார்க்க விட்டுடாதீங்க.

17 நவம்பர் 2019

அந்தப் பாப்பா சொன்ன பதில் நாலு நாளா மண்டைக்குள்ள ஓடுது. "பஸ் சின்னதாகலையே." அவ சொன்னது சரி. நாமதான் தப்பு.

யோசிச்சுப் பாருங்க. தெருமுனையில வர்றவரைப் பார்த்து "ஐயோ கட்டைவிரல் உசரத்துல ஒரு ஆள் வர்றார்"னு யாராவது சொல்றோமா? "அந்தா வர்றார்"ங்கிறோம். ஆள் உசரம் என்னன்னு மூளைக்குத் தெரியும். கண்ணுல விழுற பிம்பம் சுருங்கினாலும் அதைச் சரிக்கட்டி ஆறடியாவே காட்டிடும். அந்தச் சுருக்கம் நமக்கே தெரியாது. நமக்கே தெரியாததை பஸ்ஸைக் காட்டிப் புரிய வைக்கப் பார்த்தா பிள்ளை என்ன செய்யும்?

எங்க கடை அட்டையை வெச்சு ஒரு பரீட்சை செஞ்சேன். கண் டெஸ்ட் அட்டை தெரியும்ல, மேல ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழ போகப் போகப் பொடிசா. ஆறு மீட்டர்ல உட்கார வெச்சுப் படிக்கச் சொல்வோம். கடைசி வரி 6/6. அதைப் போல ரெண்டு மடங்கு பெரிய எழுத்து 6/12. அப்படின்னா, நல்ல கண் 12 மீட்டர்ல படிக்க வேண்டிய எழுத்துன்னு அர்த்தம். 12 மீட்டர்ல 6/12 எழுத்தும், 6 மீட்டர்ல 6/6 எழுத்தும் கண்ணுக்கு ஒரே அளவு. அட்டையே இந்தக் கேள்விக்கான பதில்தான். பதினோரு வருஷமா அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எனக்கு உறைக்கல.

ஞாயித்துக்கிழமை காலையில, தெருவுல ஆள் நடமாட்டம் வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு இங்கிலீஷ் 'E' எழுத்தை (எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குக் காட்டுற மூணு கால் எழுத்து) வெட்டி, 6/6 அளவை 6 மீட்டர்லயும் 6/12 அளவை 12 மீட்டர்லயும் ஒட்டினேன். பையன்கிட்ட கேட்டேன், "எது பெருசு?"

"அந்தக் கடைசியில இருக்கிறது."

அடப்பாவி. ரெண்டும் ஒண்ணாத் தெரியணுமே! நடுவுல கரண்ட் கம்பம் இருக்கு, பக்கத்து வீட்டு வண்டி இருக்கு, தூரம் அவனுக்குத் தெரியுது, மூளை கணக்குப் போட்டுருச்சு. அப்புறம் காலண்டர் அட்டையைக் குழலாச் சுருட்டி ஒத்தைக் கண்ணுல வெச்சு, எழுத்து மட்டும் தெரியுற மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணு காட்டினேன். "ரெண்டும் ஒண்ணும்மா." எட்டிப் போய் ரெண்டையும் பிடுங்கி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தான். ஒண்ணு இன்னொண்ணுல பாதி. குழல் பொய் சொல்லுதுன்னு என்கிட்ட புகார்.

குழல் பொய் சொல்லல தம்பி. வானம்ங்கிறது அந்தக் குழல்தான். நடுவுல கம்பமும் கிடையாது, வண்டியும் கிடையாது. எது கிட்ட, எது எட்டன்னு காட்டிக்குடுக்க ஒண்ணுமே இல்லை.

18 நவம்பர் 2019

ராத்திரி பூரா கணக்கு. 6/6 எழுத்து கண்ணுல விரிக்கிற கோணம் 5 நிமிடம். (ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு ஒரு நிமிடம். பஞ்சாங்கக்காரங்க கலைன்னு சொல்வாங்க.) மேல இருந்து ரெண்டாவது வரி 6/36. அதுல ஒரு எழுத்து ஆறு மீட்டர்ல 30 நிமிடம், அதாவது அரைப் பாகை.

நிலாவும் அரைப் பாகை.

கடைக்கு வர்றவங்க "மேல ரெண்டு வரிதான் மேடம் தெரியுது"ம்பாங்க. அவங்களுக்கு நிலாவே எழுத்தா இருந்தா அதைத்தான் கடைசியாப் படிப்பாங்க போல. இன்னைக்குக் கடையில ஒருத்தர் ரெண்டாவது வரி படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவர் தப்பா எடுத்துக்கலைன்னு நினைக்கிறேன்.

19 நவம்பர் 2019

"கடை அவ்வளவு நீளமா?"ன்னு கேட்டவருக்கு: இல்லை. மூணு மீட்டர் ரூம்தான். எழுத்தெல்லாம் இடவலம் மாத்தி அச்சடிச்ச அட்டையை ஆளோட தலைக்கு மேல மாட்டி, எதிர்ச் சுவர்ல கண்ணாடி வெச்சிருக்கோம். போக மூணு, வர மூணு. அதனாலதான் தெருவுக்குப் போனேன்.

24 நவம்பர் 2019

மேற்குப் பக்கம் பார்த்தீங்களா யாராவது? வெள்ளியும் வியாழனும் பக்கத்துப் பக்கத்துல, ஒட்டின மாதிரி. பையன்கிட்ட "எது பெருசு?"ன்னு கேட்டேன், வெள்ளியைக் காட்டினான். நானும் அதைத்தான் காட்டியிருப்பேன்.

உண்மையில வியாழன் குறுக்களவு வெள்ளியைப் போல கிட்டத்தட்ட 12 மடங்கு. இன்னைக்கு வெள்ளி இருக்கிற தூரம் 21 கோடி கி.மீ. சொச்சம், வியாழன் 90 கோடிக்கு மேல, அதாவது நாலு மடங்கு சொச்சம். பன்னண்டை நாலேகாலால வகுத்தா வியாழன் வட்டம் வெள்ளியை விட ரெண்டே முக்கால் மடங்கு அகலமாத் தெரியணும். தெரியல. ஏன்னா ரெண்டுமே ஒரு நிமிடத்துக்குக் கீழ, கண்ணால வட்டமாப் பிரிச்சுப் பார்க்க முடியாது. கண்ணு பார்க்கிறது வெளிச்சத்தை மட்டும். வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கிறதைப் பெருசுன்னு சொல்லிடுறோம்.

ஆக "தூரமா இருந்தா சின்னதாத் தெரியும்"ங்கிற பாடம் நிலா, சூரியனோட நிக்குது. அதுக்கு மேல எல்லாம் புள்ளி. புள்ளியில சின்னப் புள்ளி, பெரிய புள்ளின்னு அளவை வெச்சு எதையும் சொல்ல முடியாது. இது பிள்ளைக்கு இப்ப வேண்டாம். எனக்கே இன்னைக்குத்தான் தெளிஞ்சுது.

கேள்வி கேட்டவர், 2 டிசம்பர் 2019

உளுந்து வேலை செஞ்சுதுங்க. ஆனா இப்ப "நிலா உளுந்து சைஸ்தான்"னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா.

2 டிசம்பர் 2019, இரவு

ஹாஹா. அண்ணா, அது நம்ம பேச்சோட கோளாறு. "நிலா சின்னதா இருக்கு"ன்னுதானே நாமளே பேசுறோம். இருக்கிறது வேற, தெரியுறது வேற. நான் வீட்டுல ஒரு சட்டம் போட்டுருக்கேன். வானத்துல இருக்கிறதைப் பத்திப் பேசினா "இருக்கு"ன்னு சொல்லக் கூடாது, "தெரியுது"ன்னுதான் சொல்லணும். மீறினா ஒரு தோப்புக்கரணம். இதுவரைக்கும் அதிகம் போட்டது என் மாமனார்தான்.

10 டிசம்பர் 2019, கார்த்திகை

விளக்கு ஏத்திட்டு மாடிக்குப் போனா தென்னந்தோப்புக்கு மேல நிலா தாம்பாளம் மாதிரி வந்துச்சு. மாமனார் "எம்புட்டுப் பெருசா இருக்கு பாருடா"ன்னார். (தோப்புக்கரணம். விளக்கு நாள்ங்கிறதால மன்னிப்பு.) பையன் ஓட்டை போட்ட காகிதத்தை எடுத்துட்டு வந்தான். கையை நீட்டினான். நிலா ஓட்டைக்குள்ள உட்கார்ந்துச்சு. ஒன்பதரை மணிக்கு உச்சிக்குப் பக்கத்துல வந்தப்பவும் அதே ஓட்டை, அதே நிலா. "தாத்தா, பெருசாகலை தாத்தா." தாத்தா நம்பல. நேத்துப் பிறந்த பய எனக்குச் சொல்லித் தர்றான்னுட்டுப் படுக்கப் போயிட்டார்.

சொல்லப்போனா உதிக்கிறப்ப துளி சின்னது. தலைக்கு மேல வர்றப்ப பூமியோட ஆரம், அதாவது 6,371 கி.மீ. அளவுக்கு நிலா நமக்குக் கிட்ட வந்துருது. ஒன்றரை சதவீதம் வித்தியாசம். ஓட்டையில அது தெரியாது. மரத்துக்கும் வீட்டுக்கும் பக்கத்துல இருக்கிறப்ப மட்டும் மூளை ஏன் பெருசாக் காட்டுதுங்கிறதுல இன்னும் ஆராய்ச்சிக்காரங்களே ஒரு முடிவுக்கு வரல. கம்பமும் வண்டியும் மறுபடி வேலையைக் காட்டுதுன்னு என் எண்ணம்.

20 டிசம்பர் 2019

26-ஆம் தேதி எங்க திண்டுக்கல் மேலேயே வளைய சூரிய கிரகணம், நிலா நடுவுல மூடி சூரியனோட ஓரம் மட்டும் மோதிரமாத் தெரியும். கடையில நாலு நாளா இதே பேச்சு. எக்ஸ்ரே ஃபிலிம் வெச்சுப் பார்க்கலாமா, கூலிங் கிளாஸ் போதுமா, வெல்டிங் பட்டறைக் கண்ணாடி ஆகுமான்னு. கூலிங் கிளாஸும் வேண்டாம், எக்ஸ்ரே ஃபிலிமும் வேண்டாம். விழித்திரை சுடுறப்ப வலிக்காது, மறுநாள்தான் நடுவுல கறுப்பாத் தெரியும், அப்ப நான் பவர் மாத்திக் குடுத்து ஒண்ணும் ஆகாது. கிரகணத்துக்குன்னு செஞ்ச ஃபில்டர் கண்ணாடி இல்லாதவங்க சல்லடையை எடுங்க. வெயில்ல பிடிச்சா ஒவ்வொரு ஓட்டையும் தரையில ஒரு சூரியனை விழவைக்கும். அதுக்கும் அதே 110 கணக்குத்தான்: ஓட்டைக்கும் தரைக்கும் 1.1 மீட்டர் இருந்தா சூரியன் ஒரு சென்டிமீட்டர்.

26 டிசம்பர் 2019, மதியம்

அரையாண்டு லீவு, தெருப் பிள்ளைங்க பூரா எங்க மாடியில. மேகம் வந்து வந்து போச்சு. ஒன்பதரை வாக்குல வளையம், மூணு நிமிஷம் கிட்ட. சல்லடைக்குக் கீழ நூறு மோதிரம். புங்கமரத்து நிழல் பூரா மோதிரம். வெளிச்சம் ஒரு மாதிரி மங்கி, வெயிலுக்குச் சூடில்லாம, காக்கா எல்லாம் குழம்பிப் போய்...

பையன் கேட்டான்: "உளுந்து சூரியனை ஏன் முழுசா மூடல?"

இதுக்காகத்தான் ஒன்றரை மாசமா உளுந்து பிடிச்சோம்னு தோணுச்சு. நிலா இன்னைக்குச் சூரியனை விட 3 சதவீதம் சின்னதாத் தெரியுற தூரத்துல இருக்கு. நிலா எப்பவும் ஒரே தூரத்துல நிக்காது, 3.56 லட்சத்துல இருந்து 4.06 லட்சம் கி.மீ. வரைக்கும் வந்து போகும். அதோட ஜனவரி முதல் வாரம் நாம சூரியனுக்கு ரொம்பக் கிட்டத்துல இருப்போம், அதனால சூரியனும் கொஞ்சம் பெருசாத் தெரியுற சமயம். இதை அவன்கிட்ட சொல்லல. உளுந்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக் காட்டினேன், குண்டு பல்பைச் சுத்தி வெளிச்சம் பிதுங்குச்சு. "ஓ, நிலா தள்ளிப் போயிருச்சா"ன்னான்.

2010 ஜனவரி 15 வளையத்தைத் தனுஷ்கோடியில பார்த்ததா இங்க இன்னொருத்தர் எழுதியிருக்கார், பத்து நிமிஷம் இருந்துச்சுன்னு. சரிதான், அன்னைக்கு நிலா இன்னும் எட்டத்துல, வளையம் இன்னும் தடிமன்.

10 ஜனவரி 2020, ஆருத்ரா

கோயிலுக்குப் போயிட்டு வந்து திருவாதிரை நட்சத்திரத்தைக் காட்டினேன். கொஞ்ச நாளா அது மங்கிக்கிட்டே வருதுன்னு பேப்பர்ல போடுறாங்க. "தள்ளிப் போகுதாம்மா?" இல்லடா. அது தள்ளிப் போறது கண்ணுக்குத் தெரியுற சமாச்சாரமே இல்லை. நான்தான் தூரம் தூரம்னு சொல்லி எல்லாத்துக்கும் தூரமே காரணம்னு ஆக்கிட்டேன் போல.

சூரியனுக்கு அப்புறம் முதன்முதலா அகலம் அளந்த நட்சத்திரம் இதுதான். 1920-இல் மைக்கல்சனும் பீஸும் அமெரிக்காவுல மவுண்ட் வில்சன்ல வெச்சு அளந்தாங்க. சூரியனைப் போல பல நூறு மடங்கு அகலம், ஆனா நமக்கு விரிக்கிற கோணம் ஒரு நிமிடத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லை. என் 6/6 எழுத்தை முப்பது நாப்பது கி.மீ. தள்ளி நத்தம் பக்கம் வெச்சுட்டுத் திண்டுக்கல்ல உட்கார்ந்து பார்த்தா அவ்வளவுதான் இருக்கும்.

11 ஜனவரி 2020

"இருக்கும்" இல்லை. "தெரியும்". பையன் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, போடு தோப்புக்கரணம்னுட்டான். போட்டாச்சு.

19 ஏப்ரல் 2020

கடை அடைச்சு ஒரு மாசம் ஆகப் போகுது. பொழுது போகலை. தெருவும் வெறிச்சோடிக் கிடக்கு, அதனால சூரியக் குடும்பத்தையே தெருவுல போட்டோம். ஆயிரம் கோடியில ஒரு பங்கு. சூரியன் 14 செ.மீ., மட்டையுரிச்ச பெரிய தேங்காய். 15 மீட்டர் தள்ளி பூமி, ஒரு கடுகு. கடுகுக்குப் பக்கத்துல 4 செ.மீ. தள்ளி நிலா, ரவையில ஒரு துணுக்கு. வியாழன் 78 மீட்டர் கிட்ட, ஒரு சின்ன நெல்லிக்காய்; போலீஸ் வண்டி வந்ததால அதுவரைக்கும் போகல.

பாடப்புத்தகத்துப் படத்துல பூமியும் நிலாவும் தோள் உரசிக்கிட்டு நிக்கும். நடுவுல முப்பது பூமி வைக்கலாம்னு அந்தப் படத்தைப் பார்த்து யாருக்குத் தெரியும்? படம் போடுறவங்களுக்கும் வழியில்லை, பக்கம் பத்தாது.

"அடுத்த நட்சத்திரம் எங்க வைக்கணும்?" 4,000 கி.மீ. இந்தியாவோட வடக்கு-தெற்கு நீளமே 3,214 தான். இன்னொரு தேங்காயை நாட்டுக்குள்ள வைக்க இடமில்லைன்னேன். தேங்காயைச் சட்னிக்குக் குடுத்துட்டோம்.

22 மே 2020

பக்கத்து வீட்டு அண்ணன் பைனாகுலர் குடுத்தார். மாடிக் கைப்பிடியில ஊன்றிப் பிடிச்சு மேற்கால வெள்ளியைப் பார்த்தா, பிறை! மூணாம் பிறை மாதிரி, தலைமயிர் தடிமன்ல. நவம்பர்ல பார்த்த அதே வெள்ளி இப்ப நாலு மடங்குக்கு மேல அகலமாத் தெரியுது, ஏன்னா அவ்வளவு கிட்ட வந்துருச்சு. வெறுங்கண்ணுக்கு அன்னைக்கும் புள்ளி, இன்னைக்கும் புள்ளி. இப்ப கிட்டத்தட்ட ஒரு நிமிடக் கோணம். 6/6 எழுத்துல ஒரு கோட்டோட தடிமன் சரியா அந்த ஒரு நிமிடம்தான். கண்ணோட எல்லையில வந்து நிக்குது.

நவம்பர் 24-ஆம் தேதி "அதுக்கு மேல எல்லாம் புள்ளி"ன்னு எழுதினதைக் கொஞ்சம் திருத்திக்கிறேன். பைனாகுலர் இரவல் கிடைக்காத வரைக்கும் புள்ளி.

27 ஆகஸ்ட் 2020

மாமனார் போன்ல வந்திருக்கு: "இன்று இரவு செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும், இரண்டு நிலா, அரிய காட்சி." 2003-இல் இதே தேதி செவ்வாய் நிஜமாவே கிட்ட வந்துச்சு, 5.57 கோடி கி.மீ. அன்னைக்கும் நிலாவுல எழுபதுல ஒரு பங்கு அகலம் தேறாது. தொலைநோக்கியில 75 மடங்கு பெருசாக்கிப் பார்த்தா, வெறுங்கண்ணால பார்க்கிற நிலா அளவுக்குத் தெரியும்ங்கிறதுதான் ஒரிஜினல் சேதி. தொலைநோக்கி உதிர்ந்து போச்சு, நிலா மட்டும் வருஷா வருஷம் சுத்துது.

பையனே கணக்குக் கேட்டான். செவ்வாய் குறுக்களவு 6,779 கி.மீ. அதை 110-ஆல பெருக்கு. ஏழரை லட்சம் கி.மீ.ல வந்து நிக்கணும். அப்படி வந்தா ஃபார்வர்டு பண்ண யாரும் மிஞ்ச மாட்டாங்கன்னு மாமனார்கிட்ட சொன்னேன். அதுக்குள்ள ஆறு பேருக்கு அனுப்பிட்டார்.

30 ஆகஸ்ட் 2020

"தூரமா இருந்தா எல்லாம் சின்னதாத்தான் தெரியுமா?"ன்னு கேட்டிருக்கிறவருக்கு. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு. வானத்துல அதோட நீளம் ஆறு நிலாவை வரிசையா வெச்ச அளவு. ஆனா அவ்வளவு மங்கல், ஊருக்குள்ள இருந்து தெரியாது. தூரத்தை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அகலமும் சேரணும். திருவாதிரைக்குச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றேன்.

21 டிசம்பர் 2020, இரவு 7.40

வியாழனும் சனியும். இடைவெளி 6 நிமிடம், நிலாவுல அஞ்சுல ஒரு பங்கு. அதாவது 6/6 எழுத்தை விட ஒரு துளி அதிகம்.

கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தேன், ஒரே புள்ளி. போட்டுக்கிட்டேன், ரெண்டு. மாமனார் ஒண்ணுதான்னு சாதிக்கிறார். (நாளைக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் பவர் பார்க்கணும்.) பையன் சடார்னு ரெண்டுன்னான், பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னான்.

"பக்கத்துப் பக்கத்துலயா இருக்கு?"ன்னு கேட்டார் தாத்தா.

"தெரியுது தாத்தா. இருக்கல."

அவர் கரணம் போட எழுந்திரிக்கிறதுக்குள்ள மேகம் மூடிருச்சு.